கடைமடையில் ஆறு நாளாக முழுகிக் கிடக்கும் சம்பா, வடிகாலில் உப்புத் தண்ணீர்: எதை முதலில் செய்வது?

கடைமடை வரப்பு கேட்டது:

வணக்கம். இடம் தலைஞாயிறு பக்கம், அடப்பாற்றில் போய்ச் சேரும் வடிகால் ஓரத்துத் தாக்கு. ஒரு வேலிக்குக் கொஞ்சம் குறைவு, ஆறு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பாதியில் சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகம், நேரடி விதைப்பு, 50 நாள் பயிர். கிழக்குப் பாதியில் பி.பி.டி. 5204, நட்டு 25 நாள். தாழ்வு மண்டல மழையில் வடிகால் நிரம்பி வரப்பு மேல் வழிந்து இன்றோடு ஆறு நாள். சராசரியாக ஒரு அடித் தண்ணீர் நிற்கிறது. சி.ஆர். நுனி நாலு விரல் வெளியே தெரிகிறது. பி.பி.டி. முழுக்க உள்ளே.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வடிகால் கரை கிழக்கே ஓரிடத்தில் பத்தடி நீளத்துக்கு உடைந்து, ஓதம் (கடல் மட்டம்) ஏறும்போது தண்ணீர் எதிர்த்து உள்ளே வருகிறது. வாயில் வைத்தால் கரிக்கிறது.

இன்ஜின் வைத்து இறைக்கலாமா? கரையை வெட்டிவிட்டால் சீக்கிரம் வடியும் என்று சிலர் சொல்கிறார்கள், செய்யலாமா? உரக்கடையில் உடனே ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம், ஒரு மூட்டை யூரியா போடச் சொல்கிறார்கள். பயிர் தேறுமா, அழித்துவிட்டு வேறு விதைக்க வேண்டுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வெண்ணாறு பாசனம் எழுதியது:

ஐயா, உரத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். முதல் வேலை அந்தப் பத்தடி உடைப்பு. அதை அடைக்காமல் நீங்கள் இறைக்கிற ஒவ்வொரு படித் தண்ணீருக்கும் கடல் ஒரு படி திருப்பித் தரும்.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இரண்டு முறை இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் தினமும் 50 நிமிடம் போல நேரம் தள்ளிப்போகும். ஏற்ற இறக்கத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் கடைமடை நிலமே கடல் மட்டத்தை ஒட்டிக் கிடப்பதால் அந்த ஒரு முழம் போதும், வடிகால் திரும்பி ஓட. அஷ்டமியை ஒட்டி ஏற்றம் குறைவு. அமாவாசை, பௌர்ணமிக்கு அதிகம். இப்போது தேய்பிறை அஷ்டமி கழிந்திருக்கிறது. அமாவாசைக்குள் அடைத்தால்தான் உண்டு.

அடைக்கும் விதம்: ஓதம் இறங்கும் நேரத்தில் ஆள் இறங்க வேண்டும். சவுக்குக் கட்டைகளை இரண்டடி இடைவெளியில் இரண்டு வரிசையாக, கழிமண்ணைத் தாண்டிக் கெட்டி மண்ணில் இறங்கும் வரை அடியுங்கள். இரண்டு வரிசையையும் குறுக்குக் கட்டையால் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே தென்னை மட்டையோ வைக்கோலோ ஒரு அடுக்கு, களிமண் ஒரு அடுக்கு என்று மிதித்து ஏற்ற வேண்டும். வெளிப்பக்கம் மணல் மூட்டை. மூட்டையை வாய் வரை நிரப்புவதுதான் பலரும் செய்யும் தப்பு. அது உருண்டையாக நிற்கும், இடுக்கு வழியே தண்ணீர் பீச்சும், ஒரு ராத்திரியில் அடி அரித்துவிடும். முக்கால் மூட்டைக்கும் குறைவாக நிரப்பினால் தட்டையாகப் படிந்து உட்காரும். செங்கல் கட்டுவதுபோல மூட்டு மாற்றி அடுக்கி, ஓதம் மோதும் பக்கத்தில் தார்ப்பாயை அடிவரை இறக்கி, விளிம்பில் மூட்டை வைத்து அழுத்துங்கள்.

கரையை வெட்டவே கூடாது. மழை ஓய்ந்த அன்று வடிகிற மாதிரித் தெரியும். அமாவாசை ஓதத்தில் அதே வாய் வழியாகத்தான் உப்பு வரும், உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் இருக்கும் தாக்கு முழுவதற்கும். அது பொதுக்கரை என்பதும் இருக்கிறது.

இன்ஜின் கணக்கு: ஆறு ஏக்கரில் ஒரு அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 7,400 கன மீட்டர். மூன்று அங்குல இன்ஜின் நடைமுறையில் மணிக்கு 40 கன மீட்டர் தள்ளும். ஒரே இன்ஜின் என்றால் இரவு பகல் நிறுத்தாமல் ஏழரை நாளுக்கு மேல். அதற்குள் பயிர் இருக்காது.

இதைவிடச் சிக்கனமான வழி, உங்கள் சொந்த வரப்பில் வடிகால் பக்கமாக ஒரு அடி விட்டக் குழாயைப் பதிப்பது. வயல் தண்ணீர் வடிகாலைவிட 10 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றாலே அது மணிக்கு 200 கன மீட்டர் போல வெளியே விடும். ஐந்து இன்ஜினுக்குச் சமம், டீசல் இல்லை. ஒரு ஓத இறக்கத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தால் நாளைக்கு 2,000 கன மீட்டர். வெளி முனையில் மேலிருந்து தொங்கும் ரப்பர் மூடி ஒன்று மாட்டிவிடுங்கள். பழைய லாரி டியூபை நான்கு மடிப்பாக வெட்டிப் பலகையில் ஆணி அடித்தால் போதும். வெளித் தண்ணீர் ஏறும்போது தானே ஒட்டிக்கொள்ளும். மூடி இல்லாவிட்டால் நடுராத்திரி ஓதத்துக்கு யாராவது எழுந்து போய் அடைக்க வேண்டியிருக்கும், ஒரு நாள் தவறினால் பட்ட பாடெல்லாம் வீண்.

ரெகுலேட்டர் (ஆற்றுக்குக் குறுக்கே உள்ள மதகு) ஷட்டரை எப்போது தூக்கி இறக்குகிறார்கள் என்று லஸ்கரிடம் (மதகை இயக்கும் பணியாளர்) நேரில் கேளுங்கள். ஆற்றுப் பக்க மட்டம் கடல் பக்கத்தைவிட உயர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்க வேண்டும். ஷட்டருக்கு மேலே ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் திறந்தும் பயனில்லை. அதையும் நெய்வேலி காட்டாமணக்கையும் மதகு வாயிலிருந்து இழுத்துப்போட ஊரோடு சேர்ந்து நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள். தனி ஆளாகப் போனால் வேலை நகராது.

---

தூர்க்கட்டு எழுதியது:

பயிரைப் பற்றிச் சொல்கிறேன்.

முழுகிய நெல் அழுகிச் சாவது பிறகுதான். முதலில் மூச்சுத்தான் முட்டுகிறது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். கலங்கல் தண்ணீரென்றால் வெயிலும் உள்ளே இறங்காது, இலை சமைக்க முடியாது. சாதாரண ரகம் உடனே தலையை வெளியே நீட்டப் பார்க்கும். தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் அதற்கே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். சப்-1 மரபணு உள்ள ரகம் நேர்மாறு. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு இருப்பைக் காப்பாற்றும். பயிர்ப் பருவத்தில் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். உங்கள் சி.ஆர். குட்டையாக, வெளிறித் தெரிந்தால் அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நுனி வெளியே இருக்கிற பயிர் அந்த நுனி வழியாகவே வேருக்குக் காற்று அனுப்பும். அந்தப் பாதி பிழைக்கும்.

பி.பி.டி.க்கு ஆறு நாள் முழு முழுக்கு என்பது விளிம்பு. அதனால் குழாய், இன்ஜின் எதுவானாலும் கிழக்குப் பாதியில் முதலில் வையுங்கள். தண்ணீர் முழுக்க வடிய வேண்டும் என்றில்லை. அரை அடி இறங்கி இலை வெளியே வந்துவிட்டால் பாதி உயிர் திரும்பிவிடும்.

பிழைத்ததா என்று இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலை எல்லாம் கூழாகிப் போன குத்துகூட மறுபடி குருத்து விடும். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒவ்வொரு குத்தைப் பிடுங்குங்கள். வேரைத் தண்ணீரில் அலசிவிட்டு, ஒரு சிம்பின் (தூரில் வெடித்த கிளை) அடியைக் கட்டைவிரல் நகத்தால் நெடுக்காகக் கீறிப் பிளந்து பாருங்கள். வேருக்கு மேலே அரை விரல் உயரத்துக்குள் வளர்முனை இருக்கும். வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ, நகத்தில் அழுத்தினால் நறுக்கென்று இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி வழுவழுவென்று பிசுபிசுத்து, முகர்ந்தால் நாறினால் அந்தச் சிம்பு முடிந்தது. வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலும் வளர்முனை கெட்டியாக இருந்தால் காப்பாற்றலாம். தண்ணீரை வடித்துச் சேற்றுக்குக் காற்று காட்டினால் வெள்ளை வேர் புதிதாக இறங்கும்.

சதுர மீட்டருக்குப் பாதிக் குத்துக்கு மேல் உயிரோடு இருந்தால் அழிக்க வேண்டாம். போன இடத்தில் அதே வயலில் நன்றாகத் தூர் கட்டிய குத்திலிருந்து சிம்பு பிரித்து நட்டு வழி நிரப்பலாம். மிச்சமுள்ள நாற்றையும் பயன்படுத்தலாம்.

வடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. உச்சி வெயிலில் ஒரேயடியாகத் தரை தெரிய வடிக்காதீர்கள். பல நாள் இருட்டில் கிடந்த இலை திடீர் வெயிலில் பொசுங்கிவிடும். கடைசி வடிப்பை மாலையில் வைத்து, இரண்டு விரல் தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளைக்கு யாரும் உள்ளே இறங்கி மிதிக்க வேண்டாம்.

யூரியாவை நிற்கும் தண்ணீரில் கொட்டினால் பாதி காற்றோடு, மீதி வடிகாலோடு. அதோடு வெள்ளத்துக்குப் பின் பாக்டீரியா இலைக்கருகல் வரும், அதற்கு அதிகத் தழைச்சத்து விருந்து. புதுக் குருத்தில் இரண்டு இலை விரிந்த பிறகு இலைவழி கொடுங்கள்: ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட், 200 லிட்டர் தண்ணீர், கைத்தெளிப்பான். அதற்கு ஒரு வாரம் கழித்து மேலுரம்: 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவலாம். நடு இலையில் துருப்பிடித்தது போலப் புள்ளி வந்தால் துத்தநாகப் பற்றாக்குறை, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து போடுங்கள். இலை ஓரம் அலையலையாக மஞ்சளித்துக் கருகினால் கருகல் நோய். வயல் விட்டு வயல் தண்ணீர் பாய்வதை நிறுத்தி, 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளிவாக வடிகட்டி அடியுங்கள்.

இதெல்லாம் உப்பு ஏறாத பாதிக்கு. உப்பு ஏறிய இடத்துக்குக் கணக்கு வேறு, மண் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

கடைமடை வரப்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. உடைப்பு அடைக்க நாளைக் காலை இறக்கத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. பி.பி.டி.யில் பிளந்து பார்த்ததில் வடிகால் ஓரம் பெரும்பாலும் பழுப்பு. உள்ளே வர வர வெள்ளைதான் அதிகம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பு) மீட்டரில் வடிகால் 4,200, பி.பி.டி. வயல் 1,500, சி.ஆர். வயல் 400 காட்டுகிறது. இதை நம்பலாமா? ஜிப்சம் வாங்கட்டுமா?

---

உவர்நிலம் எழுதியது:

நம்பலாம். அந்த மீட்டர்கள் பெரும்பாலும் 500-ஐ ஒரு டெசிசீமன்ஸாகக் கணக்கிடும் (தண்ணீர் மின்சாரம் கடத்தும் அளவு, உப்பு கூடினால் அதுவும் கூடும்). உங்கள் வடிகால் 8.4, கிழக்கு வயல் 3, மேற்கு 0.8. கடல் நீர் 50-ஐ ஒட்டி இருக்கும், ஆகவே வடிகாலில் ஆறில் ஒரு பங்கு கடல். நெல்லுக்கு மண் சாற்றில் 3 வரை சேதமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் மகசூலில் ஏறக்குறைய 12 சதவீதம் போகும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் உப்புக்கு மிகவும் பயந்தவை. தூர் கட்டும் பருவம் கொஞ்சம் பொறுக்கும். கிழக்குப் பாதி விளிம்பில் நிற்கிறது, கை நழுவவில்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: நல்ல தண்ணீரால் மாற்றுவது. வயலில் ஒரு அடி உப்புத் தண்ணீர் நிற்கும்போது இரண்டு அங்குல மழை பெய்தால் 3 என்பது 2.6 ஆகும், அவ்வளவுதான். அதே வயலை இரண்டு விரல் ஆழத்துக்கு வடித்து வைத்திருக்கும்போது அதே மழை விழுந்தால் ஒன்றரைக்குக் கீழே வந்துவிடும். மேகம் கூடும் முன்பே வடித்து வையுங்கள். மழையோ வாய்க்கால் தண்ணீரோ வந்ததும் இரண்டு அங்குலம் நிறுத்தி, ஒரு நாள் விட்டு, ஓத இறக்கத்தில் வெளியேற்றி, திரும்ப நிரப்புங்கள். மூன்று நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறும் தண்ணீரை அளந்து எழுதுங்கள். அளவு இறங்குவது நின்றால் மேல்மண்ணில் இருப்பது வந்துவிட்டது என்று பொருள். மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28-ல் மூடும். அதற்குள் எத்தனை முறை வாய்க்கால் தண்ணீர் பிடிக்க முடியுமோ அத்தனையும் பிடித்துவிட வேண்டும்.

ஒருபோதும் அந்த வயலைக் காய விடாதீர்கள். காய்ந்தால் அடியில் உள்ள உப்பு மேலேறி, வரப்போரம் வெள்ளை பூக்கும். அந்த ஒரு காய்ச்சலில் ஒரு மாத வேலை போய்விடும்.

ஜிப்சத்துக்கு இப்போது பணம் போடாதீர்கள். மண்ணில் உப்பு இருப்பது வேறு, மண் துகளிலேயே சோடியம் ஒட்டிக்கொண்டு களர் ஆவது வேறு. முதலாவதை ஜிப்சம் தீர்க்காது, அதுவே ஒரு உப்புத்தானே. இரண்டாவதற்குத்தான் அது மருந்து. எது என்று அறிய ஒரு சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி மேல்மண், பாட்டில் நிறைய மழைத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் இப்போதைக்கு ஜிப்சம் வேண்டாம். டீத்தண்ணீர் போலக் கலங்கியே நின்றால் சோடியம் பிடித்திருக்கிறது. இதில் ஒரு சூது உண்டு: உப்பு அதிகமாக இருக்கும் வரை, சோடியம் இருந்தாலும் மண் தெளிவாகவே படியும். உப்பைக் கழுவிய பிறகுதான் களர் குணம் வெளிப்படும். ஆகவே கழுவுவதற்கு முன் ஒரு முறை, மூன்றாம் சுற்றுக்குப் பின் ஒரு முறை இரண்டும் செய்யுங்கள்.

இரண்டாம் முறை கலங்கினால் மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, பி.எச். 8.5-க்கு மேல் இருந்தால், ஜிப்சத் தேவை எவ்வளவு என்று அவர்களிடமே கேட்டு வாங்கிப் போடுங்கள். கூடத்துச் சீட்டில் வரும் உப்பு எண் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் சேர்த்து அளந்தது. நான் மேலே சொன்ன 3 என்பது நிறைகரைசல் சாற்றின் (மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பிரித்த சாறு) எண். சீட்டில் 1-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. 3 என்று வந்தால் கெடுதல்.

2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்டத்தில் உப்பேறிய வயல்கள் மீண்டதில் 2005 வடகிழக்குப் பருவமழையின் பங்கு பெரிது. மழை கொட்டியது, வடிகால் இருந்த இடத்தில் உப்பு இறங்கியது. வடிகால் தூர்ந்த இடத்தில் அதே மழை தேங்கி உப்பையும் தேக்கியது. ஆகவே வெண்ணாறு பாசனம் ஐயா சொன்ன குழாய்தான் உங்களுக்கு ஜிப்சத்தைவிடப் பெரிய மருந்து.

தூர்க்கட்டு சொன்ன மேலுரக் கலவையைக் கிழக்குப் பாதியில், வயல் தண்ணீர் 1-க்குக் கீழே வந்த பிறகு மட்டும் தூவுங்கள். உப்போடு உப்பு சேர்க்க வேண்டாம். அதுவரை இலைவழி யூரியா, ஜிங்க் போதும். அதோடு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 1 சதவீதம், 200 லிட்டருக்கு 2 கிலோ, தனியாக ஒரு முறை தெளித்தால் சோடியத்தை எதிர்த்து நிற்க உதவும்.

---

அடங்கல் எழுதியது:

பயிர் வேலைக்கு நடுவே காகித வேலையை விட்டுவிடாதீர்கள், தண்ணீர் வடிந்துவிட்டால் சாட்சி போய்விடும்.

நிவாரணமும் காப்பீடும் தனித்தனி. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுத்தால்தான் பெயர் ஏறும். 2022-26 விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை. இதற்கு மேல் மாநில அரசு கூட்டிக் கொடுத்தால் அது அந்தந்த ஆண்டு அரசாணையைப் பொறுத்தது. கணக்கெடுக்க வருபவர் சாலையில் நின்று பார்த்துவிட்டுப் போனால் மேற்குப் பாதியின் பச்சையைப் பார்த்து உங்கள் மொத்த நிலத்தையும் "சேதம் குறைவு" என்று எழுத வாய்ப்புண்டு. கிழக்குப் பாதியின் சர்வே எண்ணைத் தனியாகச் சொல்லி, உள்ளே அழைத்துச் சென்று, பிளந்த சிம்பைக் கையில் கொடுங்கள். இடமும் தேதியும் பதியும் கேமராவில், எல்லைக்கல் தெரிய, தினமும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள்.

காப்பீட்டில் 72 மணி நேரத்துக்குள் புகார் செய்தால் தனி வயலுக்குக் கிடைக்கும் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. நெல் நீரில் மூழ்குவதை அந்தத் தனிவயல் இழப்புப் பட்டியலிலிருந்து 2018-ல் எடுத்துவிட்டார்கள். 2026 கரீஃப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. உங்கள் பருவத்துக்கு எது பொருந்துகிறது என்று கட்டணம் கட்டிய ரசீதோடு வேளாண் உதவி அலுவலரிடம் கேளுங்கள். எப்படியானாலும் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணை வைத்திருங்கள். மற்றபடி இழப்பீடு வருவாய்க் கிராம அளவில் அறுவடைப் பரிசோதனையை வைத்துத்தான். அந்தப் பரிசோதனை நடக்கும் நாளில் ஊர் விவசாயிகள் உடன் இருப்பது அவசியம்.

கோயில் நிலக் குத்தகை என்றால் அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு) யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். பட்டியல் போன பிறகு திருத்துவது பெரும் அவதி.

---

கடைமடை வரப்பு எழுதியது:

வடிகால் ஓரம் ஏறக்குறைய அரை ஏக்கர் மொத்தமாகப் போய்விட்டது என்றே தோன்றுகிறது. அங்கே மட்டும் உளுந்து போடலாமா?

---

உவர்நிலம் எழுதியது:

இந்த ஆண்டு வேண்டாம். உளுந்து, பயறு இரண்டும் நெல்லைவிட உப்புக்கு பலவீனமானவை. முளைத்து, இரண்டிலை விட்டு, ஓரம் கருகி நின்றுவிடும். ஈரமும் இப்போது அதற்கு அதிகம். மற்ற நிலத்தில் வழக்கம்போலத் தை, மாசியில் அறுப்புக்கு ஒரு வாரம் முன் ஆடுதுறை 3 உளுந்து தெளிக்கலாம், மண் சீட்டு வந்த பிறகு.

அந்த அரை ஏக்கரில் 110 நாள் ரகம் இப்போது விதைத்தாலும் மேட்டூர் மூடியபின் ஒன்றரை மாதம் தண்ணீர் தேவைப்படும். பூக்கும் நேரத்தில் உப்பு மேலேறும். வயதான நாற்று பக்கத்தில் கிடைத்தால் இந்த வாரத்துக்குள் நட்டுவிடுங்கள், குத்துக்கு நான்கைந்து நாற்று வைத்து நெருக்கி. கிடைக்காவிட்டால் அதைச் சுற்றி வரப்பை ஒரு அடி உயர்த்தி, விழுகிற மழையையெல்லாம் பிடித்துக் கழுவும் இடமாக வையுங்கள். கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதால் அடுத்த சம்பாவுக்கு நிலம் திரும்பும். அப்போது அந்தத் துண்டில் திருச்சி 3 போன்ற உப்பைத் தாங்கும் ரகம் வைத்துக்கொள்ளுங்கள், பி.பி.டி.யை மேற்கே மேட்டுக்கு மாற்றி, சி.ஆர். சப்-1-ஐ வடிகால் பக்கம் கொண்டுவாருங்கள். முழுகும் பக்கத்தில் முழுக்குத் தாங்கும் ரகம்தான் இருக்க வேண்டும்.